கைராசிக்கு நான் வாங்கித் தந்த கருவிகள்

கைக்கடிகாரம் பழுதுபார்ப்பதைப் பொழுதுபோக்காகத் தொடங்க நினைப்பவர்கள் எல்லாரும் நேராக ஸ்குரூடிரைவர் வாங்கத்தான் ஓடுகிறார்கள். நீங்களும் அதைத்தான் கேட்டீர்கள். என்னைக் கேட்டால் முதலில் வேண்டியது மேசை. நாற்காலியில் உட்கார்ந்தால் மேசைப்பலகை நெஞ்சுக்கு நேராக வர வேண்டும். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பலகைமேல் சாய்ந்து கிடக்க வேண்டும், விரல்கள் மட்டும் அசைய வேண்டும். தாழ்வான மேசையில் குனிந்து உட்கார்ந்தால் கை அந்தரத்தில் தொங்கும். தொங்குகிற கை யாருடையதாக இருந்தாலும் ஆடும்.

இதை என் சகலைக்கு நான் சொல்லவில்லை. "உங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையே தாராளம் சகலை, இதுக்குன்னு தனியா எதுக்கு?" என்றேன்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை வீட்டுக்காரர். பல் டாக்டர். அவர் பல் பிடுங்கினால் பிடுங்கியதே தெரியாது என்பார்கள். எத்தனையோ பெரிய மருத்துவமனைகளைத் தாண்டி அவருடைய சின்ன கிளினிக்கின் மரப்பெஞ்சில் வந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். கைராசி டாக்டர் என்று பேர். எங்கள் குடும்பத்தில் அந்த டாக்டரும் உதிர்ந்துபோய் வெறும் கைராசி ஆகிவிட்டார். மாமனார் போனில் பேசும்போதே, "கைராசி இருக்காரா?" என்றுதான் கேட்பார். என்னைப் பற்றி விசாரிக்கும்போது, "மூத்தவ வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்பார். அந்த எல்லாரிலும் நான் ஒருவன்.

நானும் ஒருமுறை அவரிடம் கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொண்டவன்தான். உண்மையைச் சொல்ல வேண்டும், கொஞ்சம்கூட வலிக்கவில்லை. அதில்தான் எனக்கு எரிச்சல். வலித்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு நன்றி சொல்லும் விதமாகத் தலையாட்ட வேண்டியிருந்தது.

நான் ஒரு தொழிற்சாலையில் கருவிக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பி வலை போட்ட ஒரு ஜன்னல். அதற்கு வெளியே தொழிலாளி, உள்ளே நான். கேட்ட கருவியைத் துடைத்து, கூர் பார்த்து, எடுத்துக் கொடுக்க வேண்டும். வேலை நன்றாக வந்தால் மேற்பார்வையாளர் தொழிலாளியின் முதுகில் தட்டிக்கொடுப்பார். வேலை கெட்டுப்போனால் அதே தொழிலாளி என் ஜன்னலுக்கு வந்து, "என்னய்யா சாமான் குடுத்திருக்க?" என்று கத்துவான். வாழ்க்கையில் பாதியை அந்த ஜன்னலுக்குப் பின்னால் நின்று கழித்தவன் நான். நல்ல கை என்று எதுவும் கிடையாது, நல்ல கருவிதான் உண்டு என்பது அங்கே நின்று நான் தெரிந்துகொண்டது. கடிகார வேலையை நான் விரும்பிப் பிடித்துக்கொண்டதும் அதனால்தான். அதில் கருவிக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

ஒரு நாள் மாமனார் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். அவருடைய பழைய கைக்கடிகாரம் நின்றுபோயிருந்தது. அதை என்னிடம் நீட்டினார். குடும்பத்தில் முதல் தடவையாக என்னிடம் ஒன்றைக் கேட்டு நீட்டினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின்மூடியைத் திறக்கச் சரியான கருவி வீட்டில் இருக்கு மாமா, எடுத்துட்டுப் போய்ப் பார்த்துத் தர்றேன்" என்றேன். நியாயமான பதில். கைராசி சோபாவிலிருந்து எழுந்து வந்தார். கடிகாரத்தை என் கையிலிருந்து வாங்கினார். பழக்கத்தியால் மூடியை நெம்பினார். கொழுந்தியாளின் தையல் ஊசியை வாங்கி உள்ளே எதையோ தொட்டார். கடிகாரம் ஓடத் தொடங்கியது.

வீடே கைதட்டியது. மாமனார் கடிகாரத்தைக் காதில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி சிரித்தார். கைராசி என் தோளில் தட்டி, "கை இருந்தா போதும் சகலை. சாமான் எல்லாம் கை இல்லாதவங்களுக்குத்தான்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் கோபம் இல்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோபத்தில் செய்கிறவன் அவசரப்படுவான். நான் எதிலும் அவசரப்பட்டவனில்லை. அந்தக் கடிகாரம் சில நாளில் மறுபடி நின்றுபோனது. ஊசி போட்ட கீறல் உள்ளே கிடந்தது. அதை நான்தான் பிரித்துச் சுத்தம் செய்து ஓட வைத்தேன். இன்றுவரை அது ஓடுகிறது. "கைராசி ஓட வெச்ச வாட்ச்" என்றுதான் மாமனார் வருகிறவர்களிடம் காட்டுகிறார்.

கொஞ்ச காலம் கழித்து கைராசியே என் வீட்டுக்கு வந்தார். தனியாக வந்தார். என் வேலை மேசைக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றாகப் பார்த்து, சின்னப் பையனைப் போல் ஆசைப்பட்டார்.

"எனக்கும் சொல்லிக் குடுங்க சகலை. நாள் முழுக்க அடுத்தவங்க வாய்க்குள்ளயே பார்த்துட்டு இருக்கேன். இப்படி ஒரு வேலை இருந்தா மனசுக்கு நல்லா இருக்கும். என்னென்ன சாமான் வேணுமோ நீங்களே பார்த்து வாங்கிக் குடுங்க. அன்னிக்கு மாமா வீட்ல நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க."

கேலி செய்தது எல்லார் முன்னாலும். மன்னிப்புக் கேட்டது என் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. இரண்டும் ஒரே அளவா என்று நீங்களே சொல்லுங்கள். நான் சிரித்துக்கொண்டே, "அட விடுங்க சகலை, அதையெல்லாம் யார் ஞாபகம் வெச்சுக்கறாங்க?" என்றேன். அவருக்கான கருவிகளை மிகுந்த அக்கறையோடு தேர்ந்தெடுத்தேன். என் கருவிகளுக்குக்கூட நான் அவ்வளவு அலைந்ததில்லை.

கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். தொடங்குகிறவர்களுக்குக் கொஞ்சமாகப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் போதும். அதிகம் பெரிதாக்கும் லென்ஸ், வைரக்கல்லில் தோஷம் இருக்கிறதா என்று பார்க்கிறவர்களுக்கானது. அதன்வழியாகப் பார்த்தால் விரல் நுனியில் ஓடுகிற நாடித் துடிப்புகூட நடுக்கமாகத் தெரியும். என் விரலும் நடுங்கும், உங்கள் விரலும் நடுங்கும், சிலைக்கு உயிர் வந்தால் அதன் விரலும் நடுங்கும். கைராசிக்கு நான் வாங்கியது அந்த லென்ஸ். எத்தனை மடங்கு என்று விளிம்பில் பொறித்திருந்ததை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டுக் கொடுத்தேன். எல்லாரும் போடுகிற சாதாரண லென்ஸ் என்றேன்.

ஸ்குரூடிரைவர் நல்ல கம்பெனியுடையதுதான். ஆனால் புதிதாக வருவதை அப்படியே பயன்படுத்தக் கூடாது, முனையைச் சாணைக்கல்லில் தீட்டித் திருகின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தச் செய்ய வேண்டும். அதை நானே தீட்டித் தந்தேன். பார்வைக்குப் பளபளவென்று இருக்கும். முனை மட்டும் ஒரு மயிரிழை உருண்டிருக்கும். அப்படி இருந்தால் திருகில் நிற்காது. அழுத்தினால் வழுக்கி, பக்கத்தில் கோடு இழுத்துவிடும்.

சின்னத் திருகுகளைப் பிடித்தெடுக்கும் இடுக்கி, அந்த ட்வீசர்தான் எனக்கு மிகவும் பிடித்தது. காந்தம் எடுக்கும் பெட்டி என்று ஒன்று உண்டு, நீங்களும் கட்டாயம் வாங்குங்கள். நீல நிறத்தில் சோப்பு டப்பா அளவில் இருக்கும். பொத்தானை அழுத்திப் பிடித்து, ட்வீசரை அதன்மேல் வைத்து, அழுத்தியபடியே மெதுவாக விலக்கினால் அதிலிருக்கும் காந்தம் போய்விடும். ட்வீசர் மேலே இருக்கும்போதே பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டால், இல்லாத காந்தம் ஏறினாலும் ஏறும். ஒட்டுகிறவரை திரும்பத் திரும்பச் செய்தால் ஏறியே தீரும். அதே பெட்டி, அதே பொத்தான். விரலை எப்போது எடுக்கிறோம் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

விடுமுறை நாள் மதியங்களில் கைராசி தன் கருவிப்பெட்டியோடு வருவார். நான் டீ போடச் சொல்லிவிட்டு, அவர் கண் முன்னாலேயே அவருடைய ட்வீசரை அந்த நீலப் பெட்டியில் காட்டித் தருவேன். அவர் பணிவாக இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். பிறகு எங்கள் சாப்பாட்டு மேசையில் குனிந்து, கொசுவின் கால் பருமன் இருக்கும் திருகை எடுப்பார். எடுத்தால் வரும், வைத்தால் விடாது. ட்வீசரைத் திறந்தாலும் முனையில் ஒட்டிக்கொண்டே நிற்கும். உதறினால் எங்கோ தெறிக்கும். லென்ஸ் வழியாக அவர் பார்ப்பது, தன் விரல்கள் பதறுவதை.

அவர் முட்டாள் இல்லை. ஒரு நாள் நிமிர்ந்து, "இதுல காந்தம் ஏறியிருக்குமோ சகலை?" என்று கேட்டார்.

"அதுக்குத்தானே ஒவ்வொரு தடவையும் உங்க கண் முன்னாடியே எடுத்துத் தர்றேன்" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிப்போனது. என்னைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று வெட்கப்பட்டார். அவர் மனம் ஆறட்டும் என்று அன்றைக்கு மட்டும் முறைப்படி காந்தத்தை எடுத்து, ஒரு குண்டூசியில் வைத்துக் காட்டினேன். குண்டூசி அசையவில்லை. அவர் கை கழுவப் போன நேரத்தில் மறுபடி பெட்டியில் வைத்து, விரலை எடுத்துவிட்டேன்.

இப்படியே போனது. நான் அவரை ஒரு நாளும் மட்டம் தட்டியதில்லை. "பரவாயில்ல சகலை, வயசாகுதுல்ல" என்பேன். "ராத்திரி சரியாத் தூங்கலையா?" என்பேன். நல்ல வார்த்தைகள்தான். ஆனால் அவர் டீ கிளாஸை எடுக்கும்போது அதன் விளிம்பை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். கையை நீட்டி, மேலே ஒரு காகிதத்தை வைத்து, அது ஆடுகிறதா என்று பார்த்தார். நோயாளிகளில் கொஞ்சம் கஷ்டமான கேஸ்களை வேறு டாக்டரிடம் அனுப்பினார். கொழுந்தியாள் ஒரு நாள் போனில், "அத்தான், அவர் முன்ன மாதிரி இல்ல. நீங்கதான் அவரோட நல்லாப் பழகுறீங்க, என்னன்னு கொஞ்சம் கேளுங்களேன்" என்று அழுதாள். கேட்கிறேன் என்றேன்.

நரம்பு டாக்டரிடம் போய்வந்தார். எல்லாச் சோதனையும் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். சாதாரண ஆளாக இருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பார். கைராசி படித்தவர், யோசிக்கிறவர். "ஒண்ணும் இல்லைங்கிறாங்க சகலை. ஒண்ணும் இல்லாம எப்படி நடுங்கும்? அப்போ அவங்களால கண்டுபிடிக்க முடியாத ஏதோ இருக்கு" என்றார். அவருடைய கணக்கு தவறில்லை. அவர் கண்ணால் கண்டதை வைத்து யோசித்தார். அவர் என்ன காண வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தது நான்.

அந்தப் பயத்தோடேயே ஒரு பெண்ணுக்குச் சொத்தைப் பல்லைக் குடைந்திருக்கிறார். கருவி வழுக்கி நாக்கில் சின்னக் காயம். அந்தப் பெண், "பரவாயில்ல டாக்டர்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். இவரால் அதைப் பரவாயில்லை என்று விட முடியவில்லை. கிளினிக்கை மூடினார். இப்போது அந்த இடத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை இருக்கிறது. நான் அடிக்கடி அந்த வழியாகப் போவேன். அந்தப் பையன்கள் நல்ல கருவி வைத்திருக்கிறார்கள்.

கிளினிக்கைக் காலி செய்த அன்று சாமான்களைக் கட்டித்தர நான் போயிருந்தேன். நோயாளிகள் சாய்ந்து உட்காரும் அந்த நாற்காலியை இன்னும் தூக்கவில்லை. கைராசி அதில் போய் உட்கார்ந்தார். தலைக்குமேல் இருக்கும் விளக்கைத் தானே எரியவிட்டார். வலது கையை அதன் வெளிச்சத்தில் நீட்டினார்.

"சகலை, எனக்காகப் பொய் சொல்லாதீங்க. வீட்ல எல்லாரும் இல்லவே இல்லைன்னு சொல்றாங்க, என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாங்க. நீங்க பார்த்துச் சொல்லுங்க. நடுங்குதா?"

நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். லென்ஸ் இல்லை, ட்வீசர் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் கை. சுத்தமாக நகம் வெட்டிய, மெலிந்த நீளமான விரல்கள். சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றன. அவ்வளவு பயத்திலும் அந்தக் கை ஆடவில்லை. என் கடைவாய்ப்பல்லை வலிக்காமல் எடுத்த கை அது. அப்படி ஒரு கையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறேன். கருவிகள் என் வேலையை முடித்துவிட்டன என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முடிக்கவில்லை. கடைசியில் நானே வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

"கொஞ்சம்" என்றேன்.

அவர் கையை மடக்கிக்கொண்டார். விளக்கை அணைத்தார். "நீங்க ஒருத்தர்தான் எங்கிட்ட உண்மையாப் பேசுனீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் அவருடைய விரல்கள் முதல் தடவையாக நடுங்கின.

இப்போது அவர் வீட்டில்தான் இருக்கிறார். டீயை ஸ்பூனால் எடுத்துக் குடிக்கிறார், அதுவும் யாரும் இல்லாதபோது. அவருடைய மகளுக்குப் பிள்ளை பிறந்து, பார்க்கப் போயிருந்தோம். பெண் குழந்தை. எல்லாரும் வாங்கி வாங்கிக் கொஞ்சினார்கள். மகள் அப்பாவிடம் நீட்டியபோது அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். "வேண்டாம்மா, கீழ விட்டுடுவேன். நான் பார்த்துக்கிட்டே இருக்கேன், அது போதும்" என்றார். நான்தான் எழுந்து போய்க் குழந்தையை வாங்கினேன். "பெரியப்பாவுக்கு நல்ல கெட்டியான கை" என்றாள் அந்த மகள். என் மனைவி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிப் பார்த்து எனக்கு ஞாபகம் இல்லை.

போன வாரம் அந்த மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் கருவிப்பெட்டியை எடுத்து வந்திருந்தாள். விரலில் ஏறிய மரச்சிராயை எடுக்க அந்த ட்வீசரை எடுத்தாளாம். பக்கத்தில் கிடந்த ஊக்கு தாவி வந்து ஒட்டிக்கொண்டதாம்.

"பெரியப்பா, இதுல காந்தம் இருக்கு. இது ஒட்டுனா சின்னத் திருகை எல்லாம் எப்படி வைக்க முடியும்? அப்பாவுக்கு ஒண்ணுமே இல்லையோன்னு தோணுது. அப்பாகிட்ட இப்பவே சொல்லணும். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பார்த்துடுங்க" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் வெளிச்சமாக நின்றாள். அப்பாவின் விரல்கள் அப்படியே அவளுக்கு வந்திருக்கின்றன.

"குடும்மா, பார்க்கலாம்" என்று வாங்கினேன். குழந்தை சிணுங்கியது, அவள் குனிந்து அதைச் சமாதானப்படுத்தினாள். நான் மேசைக்குத் திரும்பி, நீலப் பெட்டியின் பொத்தானை அழுத்திப் பிடித்து, ட்வீசரை மேலே வைத்து, அழுத்தியபடியே மெதுவாக விலக்கினேன். இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தேன். பிறகு அவளைக் கூப்பிட்டு, அவள் கொண்டுவந்த அதே ஊக்கின்மேல் வைத்துக் காட்டினேன். ஊக்கு கிடந்த இடத்தில் கிடந்தது.

"ஒட்டலையேம்மா."

அவள் தானே வாங்கி வைத்துப் பார்த்தாள். புரட்டி வைத்துப் பார்த்தாள். "ஒட்டுச்சே பெரியப்பா. நான் பார்த்தேனே."

"பிள்ளை பெத்த உடம்பு. சரியாத் தூக்கம் இருக்காது. கண் அப்படித்தான் எதையாவது காட்டும்" என்றேன். "கையும் கொஞ்சம் ஆடுது போல. பார்த்துக்கோம்மா."

அவள் ட்வீசரைக் கீழே வைத்தாள். தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். பிறகு தோளில் கிடந்த குழந்தையைப் பதறிப்போய் என்னிடம் நீட்டினாள். "கொஞ்சம் பிடிங்க பெரியப்பா, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். நான் பிடித்துக்கொண்டேன். குழந்தை என் கையில் நன்றாகத் தூங்கியது.

நான் இதுவரை ஒருவர் கையையும் கெடுத்ததில்லை. கைராசியின் கை இன்றைக்கும் எங்கள் குடும்பத்திலேயே நல்ல கை. கருவி சரியில்லை என்றால் எப்பேர்ப்பட்ட கையும் ஒன்றுமில்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். உங்களுக்கும் நல்ல விரல்கள், வந்தபோதே கவனித்தேன். கருவி வாங்கத் தனியாகப் போகாதீர்கள். நானே கூட வந்து, பார்த்துத் தேர்ந்தெடுத்துத் தருகிறேன்.